வேலையற்றவனின் விளையாட்டு

வேலை செய்து களைத்தவன் விளையாடினால் உலகம் அதனை ஓய்வு என்கிறது. வேலை இல்லாதவன் அதே விளையாட்டை ஆடினால் சோம்பல் என்கிறது. ஆடும் ஆட்டம் ஒன்றே. அதில் அடையும் இன்பமும் ஒன்றாகவே இருத்தல் கூடும். அவ்வாறிருக்க, ஒருவனுக்கு உரிமையாக இருப்பது மற்றொருவனுக்குக் குற்றமாக மாறுவது எதனால்? விளையாட்டில் உள்ள ஏதோ ஒன்று மாறுகிறதா? அல்லது பார்ப்பவர் கண் மட்டுமே மாறுகிறதா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, இன்று பல இல்லங்களில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே சுவராக எழுந்து நிற்கிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள சுவா வட்டாரத்தில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். அவன் கற்பனையில் எழுந்தவனே. ஆயினும் அவனைப் போன்ற பழைய மாணவர் ஒருவரையேனும் அறியாத தமிழாசிரியர் அரியர். அவன் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். தந்தை செம்பனைக் குலை அறுத்தவர். அவனோ பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு, சிப்பாங் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பணியில் சேர்ந்தான். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. விமானங்கள் தரையில் நின்றன. வேலை போயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காட்டை எட்டியது. வேலையற்றோர் தொகை 826,100 எனப் புள்ளிவிவரத் துறை அறிவித்தது. அத்தொகையுள் அவனும் ஒருவன். பின்னர் நாடு மீண்டது; விமானங்கள் மீண்டும் பறந்தன. அவனை மட்டும் யாரும் திரும்ப அழைக்கவில்லை. விண்ணப்பங்கள் அனுப்பினான். மறுமொழி வரவில்லை. கையில் கைப்பேசி இருந்தது. அதில் சுடும் விளையாட்டு ஒன்று இருந்தது.

"எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கியேய்யா, நாலு எடத்துல போய்க் கேக்கக் கூடாதா?" என்று தாய் கேட்கிறாள். "கேட்டாச்சும்மா" என்கிறான் அவன். உரையாடல் அவ்வளவில் முடிந்துவிடுகிறது. தாயின் சொல்லிலும் உண்மை உண்டு. மகனின் சொல்லிலும் உண்மை உண்டு. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் கைப்பேசி ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.

வேலையற்ற வேளையில் விளையாடும் வழக்கம் தோட்டத்துக்குப் புதியதன்று. பால்மரம் வெட்டும் தொழில் வானத்தை நம்பிய தொழில். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு சுரக்கும். வெயில் ஏறினால் குறையும். இரவு மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால், வடியும் பால் மங்கில் சேராமல் மரத்தின்மேல் பரவி வீணாகும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. நாட்கூலி முறை இருந்த காலத்தில் வெட்டு இல்லையெனில் கூலியும் இல்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நெடுங்காலம் மாதச் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்ததன் காரணங்களுள் இம்மழையும் ஒன்று. அத்தகைய நாள்களில் லயத்து வாசற்படியில் என்ன நிகழ்ந்தது? தாயம் உருண்டது. சீட்டு விழுந்தது. தரையில் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆடினர். மழை விட்ட மாலையில் இளைஞர் சடுகுடு ஆடினர். சமைப்பதற்கு அரிசி குறைவாக இருந்தது. மனத்தில் கவலை இருந்தது. ஆட்டமும் இருந்தது. அவர்களை எவரும் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை.

சொல்லாததன் காரணம் எளியது. மழை நிற்கும் என்பது எல்லோர்க்கும் தெரியும். மறுநாள் இருள் பிரியாமுன் மணி அடிக்கும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் வாசிப்பார். பெரட்டு இனிமையான ஒன்றாக இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். அங்கே ஏச்சும் இருந்தது, அவமானமும் இருந்தது, உடல்நலமற்றவனை ஏமாற்றுக்காரன் என்ற பார்வையும் இருந்தது. அதனைப் பொற்காலம் என்று பாடுவது பொய்யாகும். ஆயினும் ஒவ்வொரு விடியலிலும் ஒருவனுடைய பெயர் வாசிக்கப்பட்டது. வாசிக்கும்போது அவன் அங்கே இல்லையென்றால், ஒரு வெட்டுப் பகுதி முழுவதும் அன்று வெட்டப்படாமல் நிற்கும். அவன் வராதது யாரோ ஒருவருக்குத் தெரியும். மழை நாளின் விளையாட்டு அந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் கிடந்தது. வேலையின் நிழலில் உட்கார்ந்து ஆடியதால் அது ஓய்வாக இருந்தது.

கைக்குள் அடங்கும் மின்விளையாட்டும் அத்தகைய நிழலில்தான் பிறந்தது. ஜப்பானின் கியோத்தோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. அங்குப் பணியாற்றிய குன்பே யொக்கோய் என்பவர் விரைவு இரயிலில் பயணம் செய்தபோது, அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார் என்றும், அக்காட்சியே கைவிளையாட்டுக் கருவிக்கு வித்திட்டது என்றும் கூறுவர். அக்கருவி 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கேம் அண்ட் வாட்ச்'. விளையாட்டும் கடிகாரமும் ஒன்றாக அமைந்தது என்பது அதன் பொருள். ஆடாத வேளையில் அது மணி காட்டும். பெயரே பலவற்றைச் சொல்லிவிடுகிறது. வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் மனிதன், இறங்க வேண்டிய நிலையம் வரும்வரை ஆடுவதற்காக அது செய்யப்பட்டது. அவனுக்கு மணி பார்க்கும் தேவை இருந்தது. சுவாவில் பிற்பகல் மூன்று மணிக்குப் பாயில் சாய்ந்திருக்கும் இளைஞனின் கைப்பேசியிலும் கடிகாரம் உண்டு. ஆனால் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அவன் வாழ்வில் வேறுபாடு இல்லை.

சுடும் விளையாட்டின் கதை வேறு. தொமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978இல் ஜப்பானில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கிவரும் பகைவரைக் கீழிருந்து சுட வேண்டும். ஒரு படையை அழித்தால் அடுத்த படை இறங்கும். அதற்கு முடிவான வெற்றி என்பதே இல்லை. எத்துணைத் திறமையாளன் ஆனாலும் இறுதியில் தோற்றே தீர்வான். அது காசு போட்டு ஆடும் பொறி. ஆடுபவன் விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும். ஆகவே அப்பொறி அவனை வெளியே தள்ளியது. பையில் காசு தீர்ந்ததும் பையன் வீட்டுக்கு நடந்தான். அதற்கே அஞ்சிப் பிலிப்பைன்சில் மார்க்கோஸ் அரசு 1981இல் வீடியோ விளையாட்டுப் பொறிகளைத் தடை செய்தது. இன்றைய கைப்பேசி விளையாட்டு இதற்கு நேர்மாறானது. ஆடத் தொடங்கக் காசு வேண்டியதில்லை. ஆடுபவன் நீண்ட நேரம் தங்கினால்தான் அதற்கு வருவாய். தங்குபவருள் சிலர் உடையும் அணியும் வாங்குவர். எனவே அது அவனை வெளியே தள்ளுவதில்லை, உள்ளே அழைக்கிறது. நாள்தோறும் வருகை தந்தால் பரிசு என்கிறது. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரும்பரிசு என்கிறது. இன்றைய பணி இது, நாளைய பணி இது என்று வகுத்துக் கொடுக்கிறது. ஒரு நாள் போகாவிட்டால் நினைவூட்டுகிறது.

இதுவும் ஒரு பெரட்டே அல்லவா?

தோட்டத்து மணி நின்றுபோன வீட்டில், அதே விடியல் வேளையில், கைப்பேசி ஒலித்து ஒருவனுடைய பெயரை வாசிக்கிறது. அவன் எழுந்து 'வந்தேன்' என்கிறான். இதனை எள்ளி நகையாடுவதற்கு முன் அவன் அங்கே என்ன பெறுகிறான் என்பதை அமைதியாக எண்ணுதல் வேண்டும். 'ஃபிரீ ஃபயர்' என்னும் விளையாட்டில் ஐம்பது பேர் ஒரு தீவில் குதிக்கின்றனர். 'பப்ஜி'யில் நூறு பேர். குதிக்கும்போது எவர் கையிலும் ஆயுதம் இல்லை. அனைவரும் வெறுங்கையினர். தரையில் கிடப்பதை ஓடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எவன் தந்தை யார், எவன் எந்தப் பள்ளியில் படித்தான், எவனுக்கு யாருடைய பரிந்துரை உண்டு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தோற்றால், தன்னை வீழ்த்தியவன் யார், எந்தத் துப்பாக்கியால் வீழ்த்தினான் என்பது உடனே திரையில் தெரிகிறது. வென்றால் புள்ளி கூடுகிறது. எத்தனை புள்ளிக்கு எந்த நிலை என்பது முன்னரே எழுதப்பட்டுள்ளது. வேலை தேடும் உலகில் இவற்றுள் எது உண்டு? நாற்பது விண்ணப்பம் அனுப்பியவனுக்கு, ஏன் நீ வேண்டாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. மறுப்புக்கூட ஒரு மரியாதைதான், அதுவும் கிடைப்பதில்லை. காரணம் தெரியாத தோல்வி மனிதனை அரிப்பதுபோல் வேறெதுவும் அரிப்பதில்லை. தீவில் வீழ்ந்தவன் 'அடுத்த முறை அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்க மாட்டேன்' என்று கற்றுக்கொள்கிறான். மறுமொழி வராத விண்ணப்பத்திலிருந்து அவன் எதைக் கற்பான்?

ஆகவே அவன் நாடுவது சோம்பலை அன்று. முயற்சிக்கு விடை கிடைக்கும் ஓர் இடத்தை. சோம்பேறி முயற்சியையே வெறுப்பவன். இவனோ நள்ளிரவு தாண்டியும் கண் எரிய முயல்கிறான். திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். மடியின்மைக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். விளையாட்டைக் கண்டிக்க அதிகாரம் எதனையும் அவர் வகுக்கவில்லை. சூதாடிய தருமனும் நளனும் நாடு உடையவர்கள். பணயம் வைக்க அவர்களிடம் பொருள் இருந்தது. வேலையற்ற இளைஞனிடம் பணயம் வைக்க நாள்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

வேலை போனால் நாள்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கைப்பேசி இல்லாத காலத்திலேயே ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகில், மரியந்தால் என்னும் சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. தோட்டத்தை நம்பிய லயத்தைப் போல. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அவ்வாலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய இளம் ஆய்வாளர்கள் தம் குழுவினரோடு அவ்வூருக்குச் சென்று, மக்கள் எவ்வாறு நாளைக் கழிக்கின்றனர் என்று கண்டு எழுதினர். அந்நூல் 1933இல் வெளிவந்தது. அவர்கள் கண்டவற்றுள் ஒன்று எவரும் எதிர்பாராதது. ஊரில் தொழிலாளர் நூலகம் ஒன்று இருந்தது. வேலை போனதால் படிக்க நேரம் மிகுந்தது. ஆகவே நூல் வாங்குவோர் பெருகுவர் என்றே எவரும் எண்ணுவர். நேர்ந்ததோ மறுதலை. இரண்டு ஆண்டுகளுக்குள் இரவல் போன நூல்களின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வீதியில் ஆடவர் நடையும் தளர்ந்தது. சன்னல் வழியே ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஆடவர் பலர் நடக்கும்போதே பன்முறை நின்று நின்று சென்றது தெரிந்தது. காலையில் எழுந்ததற்கும் நண்பகல் உணவுக்கும் இடையில் என்ன செய்தீர் என்று கேட்டால் அவர்களால் நினைவுகூர முடியவில்லை.

பெண்கள் அவ்வாறு நிற்கவில்லை. அவர்களுக்குக் கூலிதான் போயிற்றே தவிர வேலை போகவில்லை. சமையலும் துணியும் பிள்ளைகளும் அப்படியே இருந்தன. சுவா இளைஞனுக்கு ஒரு தமக்கை இருந்து, அவளும் அதே ஆண்டில் வேலை இழந்திருந்தால், அவள் கையில் கைப்பேசியைக் கண்டு ஊர் வருந்துவதற்கு வாய்ப்பே நேர்ந்திராது. அவள் கையில் கரண்டி இருந்திருக்கும். வேலையற்ற இளைஞர் சிக்கல் என்று மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பற்றியே என்பதை இங்கே குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

மரியந்தால் காட்டும் பாடம், ஓய்வு நேரம் என்பது கடிகாரத்தில் இல்லை என்பது. வேலை என்னும் கரை உடைந்தால் நேரம் ஆறாக ஓடாது, சேறாகத் தேங்கும். நூல் படிக்கவும் ஒரு கரை வேண்டும். இளைஞன் விளையாடாமல் நல்ல நூல்களைப் படிக்கலாமே என்று அறிவுரை கூறுவோர், நூலகம் இருந்தும் படிக்க இயலாமற்போன அவ்வூராரை நினைத்தல் வேண்டும்.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. 2017ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் நால்வர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 21 முதல் 30 வயது வரையுள்ள ஆடவர் முன்னைவிடக் குறைந்த நேரமே வேலை செய்கின்றனர். மின்விளையாட்டு அத்துணைச் சுவையுடையதாக வளர்ந்துவிட்டதே அதற்கு ஒரு காரணம் என்பது அவர்கள் கூற்று. அதாவது, வேலை இல்லாததால் விளையாட்டு என்பது மட்டும் உண்மையன்று. விளையாட்டு இருப்பதால் வேலையின் மீது நாட்டம் குறைகிறது என்பதும் உண்மை. இக்கருத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. குறைந்த சம்பளத்துக்கு, நெடுந்தொலைவு சென்று, இரவு முறையில் செய்ய வேண்டிய ஒரு வேலை வந்தபோது, 'அதற்குப் பாயிலேயே கிடக்கலாம்' என்று சுவா இளைஞனின் மனம் ஒரு கணம் சொல்லியிருந்தால் வியப்பில்லை. அக்கணத்தில் கைப்பேசி எந்தப் பக்கம் சாய்த்தது என்பதை அவனே அறிவான்.

ஆனால் தோட்டத்துக் கதையில் எது முன், எது பின் என்பதில் ஐயம் இல்லை. 1969க்குப் பின்னர்க் குடியுரிமை பெறாத சிவப்பு அடையாள அட்டைக்காரர் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை செய்யலாகாது என்ற நிலை வந்தபோது, ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் தமிழகம் திரும்பினர். அப்போது இந்நாட்டில் கைப்பேசி இல்லை. விளையாட்டுப் பொறியும் இல்லை. பின்னர் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு நாள்தோறும் வெட்டு இல்லை. குலை பழுக்கும் முறைக்கேற்பச் சில நாள்களுக்கு ஒரு முறையே அறுவடை. ஆகவே ஆள் குறைவாகப் போதும். அவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவர் ஆயினர். தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. வேலை முதலில் போயிற்று. வெற்றிடம் நெடுநாள் கிடந்தது. விளையாட்டு அங்கே பின்னர்க் குடியேறியது.

சுடும் விளையாட்டு கொலைக்குப் பழக்குகிறது என்பார் பலர். இது பெரிதும் பேசப்பட்ட வழக்கு. ஆடுபுலியில் ஆடு வெட்டுண்கிறது. சதுரங்கத்தில் அரசனே வீழ்கிறான். அவற்றை ஆடியவர் யாரும் கத்தி எடுக்கவில்லை. அஞ்ச வேண்டியது திரையில் ஒருவன் இறப்பதற்கு அன்று. இறந்தவன் அடுத்த நிமிடம் எழுந்து வருகிறானே, அதற்குத்தான்.

பால்மரம் வெட்டுபவனின் கத்தி பட்டைக்குள் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதற்கு ஒரு நுண்ணிய எல்லை உண்டு. மேலாகக் கீறினால் பால் வராது. சற்றே ஆழ்ந்து கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அக்காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அவ்விடத்தில் மீண்டும் சீராக வெட்ட இயலாது. நல்ல பட்டையே மறுபடி வளர்வதற்கு ஆண்டுகள் பல ஆகும். ஒருவன் ஒரு விடியலில் அரைத் தூக்கத்தில் செய்த பிழை, அவன் அத்தோட்டத்தை விட்டுப் போன பின்னும் மரத்தில் நிற்கும். அடுத்து அம்மரத்தை வெட்ட வருபவன் தடவிப் பார்த்து, முன்னவன் கை எத்தகையது என்று அறிவான். கூலி குறைவு, மரியாதை குறைவு, ஆயினும் செய்த செயல் உலகில் நின்றது. பிழை நின்றதால்தான் திறமைக்கும் பொருள் இருந்தது. பாட்டனார் இன்றும் தம் கைவேலையைப் பற்றி ஒரு பெருமிதத்துடன் பேசுவாராயின், அப்பெருமிதத்தின் வேர் அங்கேதான் உள்ளது.

தீவில் எந்தக் காயமும் நிற்பதில்லை. ஆயிரம் முறை வென்றாலும் தீவு மாறுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் சுவர்கள் புதியனவாக எழுந்து நிற்கும். சிந்தியது எதுவும் இராது. அங்கே அவன் இல்லாவிட்டால் ஐம்பதாவது இடத்தில் வேறொருவன் குதிப்பான்; எதுவும் வெட்டப்படாமல் நிற்காது. மரீ யஹோடா 1982இல் எழுதிய நூலில், வேலை என்பது கூலியோடு சேர்த்து மனிதனுக்கு வேறு சிலவற்றையும் தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே தொடர்பு, ஒரு தகுதி, இடைவிடாத செயல், தன்னினும் பெரிய ஒரு கூட்டு நோக்கத்தில் பங்கு. விளையாட்டு இவற்றுள் நான்கை வியக்கத்தக்க முறையில் தந்துவிடுகிறது. நாள்வருகைப் பரிசு ஒழுங்கைத் தருகிறது. நால்வர் அணி நட்பைத் தருகிறது. புள்ளிநிலை தகுதியைத் தருகிறது. செயலுக்கோ குறைவே இல்லை. இந்த நான்கும் கிடைப்பதால்தான் ஐந்தாவது கிடைக்கவில்லை என்பது நெடுநாள் தெரியாமல் போகிறது. வயிறு நிறைந்தது போன்ற உணர்வு வந்துவிட்டால் பசி எங்கே என்று யாரும் தேடுவதில்லை. இளைஞன் மீது குற்றம் என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், விளையாடியதைக் குற்றம் என்பதைவிட, அந்த ஐந்தாவதன் பசியைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொண்டதைக் குற்றம் என்பதே பொருந்தும். அதுவும் அவன் ஒருவனது குற்றம் மட்டுமன்று.

விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழந்து, உணவும் உறவும் கெட்ட பின்னும் நிறுத்த முடியாமல் நெடுநாள் தொடரும் நிலையை உலக நல நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 சனவரி முதல் அது நடப்பில் உள்ளது. அது மருத்துவர்க்கு உரியது. இங்கே பேசப்படும் இளைஞன் நோயாளி அல்லன். பலரை நோயாளிகள் என்று சொல்லிவிட்டால் ஊருக்கு ஒரு வசதி உண்டு. வேலையைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடலாம்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். லிடியா நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததாம். மக்கள் பசியை மறக்கப் பகடை, பந்து முதலிய ஆட்டங்களைக் கண்டுபிடித்தனராம். ஒரு நாள் முழுதும் உண்ணாமல் ஆடுவது. மறுநாள் ஆடாமல் உண்பது. இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் கழிந்தனவாம். நடந்ததோ நடக்காததோ, பசித்தவன் ஆட்டத்தை ஏன் நாடுகிறான் என்பதை அக்கதை இழிவுபடுத்தாமல் சொல்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் பஞ்சம் தீராததால், அரசன் மக்களை இரு பகுதியாக்கிச் சீட்டுக் குலுக்கினான். ஒரு பகுதி மக்கள் கப்பலேறி வேறு நிலம் தேடிச் சென்றனர். ஆட்டம் பசியைத் தாங்கிப் பிடித்தது, தீர்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய குடும்பங்களுக்கு இக்கதையின் பிற்பகுதி புதியதன்று. சுவா இளைஞன் ஏறுவதற்குத்தான் இன்று கப்பல் எதுவும் இல்லை. சிங்கப்பூருக்குப் போகலாம், சிலர் போகின்றனர். எல்லோரும் போக இயலாது.

இனி அவனுடைய ஒரு பிற்பகலைப் பார்க்கலாம். கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம். ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் ஐந்நூறு வெள்ளி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துள்ளனர். விண்ணப்பத்தை இணையத்தின் வழி செய்தல் வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து, அது மூடப்பட்டதால் வீட்டிலிருக்கும் அண்டை வீட்டு அம்மையார் வாசலில் வந்து நிற்கிறார். "தம்பி, இந்தச் சேமநிதிப் பாரத்தைக் கொஞ்சம் போன்ல நெரப்பிக் குடுய்யா, எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்கிறார். தீவில் ஆட்டம் பாதியில் நிற்கிறது. இன்னும் பதினொருவரே எஞ்சியுள்ளனர். அணித் தோழர் மூவரும் அவனை நம்பியிருக்கின்றனர். அவன் கைப்பேசியை ஒரு கணம் பார்க்கிறான். பின்பு ஆட்டத்தை விட்டு வெளியேறி, "வாங்கம்மா, அடையாள அட்டை எடுத்து வந்தீங்களா?" என்கிறான். அந்த விரல்கள் அதே விரைவோடு எண்களைத் தட்டுகின்றன. ஓர் எண் தவறினால் பணம் வராது. ஆகவே இருமுறை சரிபார்க்கிறான். மறுநாள் இன்னொருவர் வருகிறார். அதற்கு மறுநாள் இருவர்.

அது வேலையா? அதற்குக் கூலி இல்லை. அதனைச் சொல்லித் தாய்க்கு ஆறுதல் கூறவும் முடியாது. தம்பி ஒரு நல்ல பிள்ளை என்று அண்டை வீட்டார் சொல்லிப் போவதால் அரிசி வந்துவிடாது. ஊராரின் நன்றியைக் காட்டி இளைஞரின் கூலியற்ற உழைப்பை வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு அது இடம் கொடுத்துவிடவும் கூடும். ஆயினும் விளையாட்டு அவனைச் சிறைப்படுத்தி வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டு அந்த ஒரு பிற்பகலில் நிற்கவில்லை. வாசலில் ஒருவர் வந்து பெயர் சொல்லி அழைத்தபோது கதவு திறந்துதான் இருந்தது. அதற்கு முன் அவ்வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும், அவனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்க மட்டுமே வந்திருந்தனர்.